ஐந்து விசை குறைவு

பாதித் தூரம்வரை கட்டைவிரல்தான் தள்ள வேண்டும். அங்கே ஒரு சின்ன முரண்டு தெரியும். அதைத் தாண்டிவிட்டால் உள்ளிருக்கும் வில் மிச்சத் தூரத்தைத் தானே எடுத்துக்கொண்டு 'டக்'கென்று நிற்கும். நெட்டுவாக்கில் இருந்த திரை அகலவாக்கில் திரும்பிக்கொள்ளும். பல மாடல்களில் ஒரு தட்டில் பொட்டளவு காந்தம், இன்னொரு தட்டில் அதை உணரும் சில்லு. திறந்தாயிற்று என்பதைப் போன் அப்படித்தான் தெரிந்துகொள்கிறது. திரைக்குக் கீழே மூன்று, நான்கு வரிசை விசைகள். மூடியிருந்தால் பார்க்கும் கருவி. திறந்தால் எழுதும் கருவி.

இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கண்ணாடித் திரையில் செய்தி வந்த இடத்திலேயே, படித்த வேகத்திலேயே பதிலும் போய்விடுகிறது. கோபத்தில் எழுதியதும் அப்படியே போகிறது. ஸ்லைடர் எனப்படும் இந்தத் தள்ளித் திறக்கும் போனில் எழுத வேண்டுமானால் அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், இரண்டு கையும் வேண்டும், தள்ள வேண்டும். சில பதில்கள் அந்தத் தள்ளலுக்கு முன்பே வேண்டாமென்று ஆகிவிடுகின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அமைதி நிலவ இது நல்ல வழி. எந்தக் கம்பெனியும் இதை விளம்பரத்தில் சொல்லிப் பார்த்ததில்லை.

*

வாங்கியவர்கள் இதற்காகவெல்லாம் வாங்கவில்லை. 2008 அக்டோபரில் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி ட்ரீமில் திரை விசைப்பலகையே கிடையாது. ஒரு சொல் எழுதுவதென்றாலும் திறந்தாக வேண்டும். 2009 ஏப்ரலில் 1.5 பதிப்பு வந்த பிறகுதான் கண்ணாடியில் தட்டச்சு செய்ய முடிந்தது. பிறகு வரிசையாக வந்தன: நோக்கியா என்97, என்900, மோட்டோரோலா மைல்ஸ்டோன், எச்டிசி டிசையர் இசட், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சோனி எரிக்சன் மினி புரோ. பிளாக்பெர்ரி டார்ச் 2010இல் வந்தது. அது நெட்டுவாக்கில் திறக்கும். கைப்பேசிக் கடைகளுக்குப் பேர்போன ஜொகூர் பாரு ஹாலிடே பிளாசாவில், அந்தக் காலத்தில் வாடிக்கையாளர் முதலில் செய்யும் காரியம் காட்சிக்கு வைத்த போனைத் திறந்து மூடிப் பார்ப்பதுதான். விலை கேட்பது அப்புறம்.

நான்கைந்து ஆண்டில் அந்த அலை அடங்கிவிட்டது. காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். மாடி வீடு கட்டினால் சுவருக்கும் படிக்கும் இடம் போகத்தான் செய்யும். ட்ரீம் 17 மி.மீ. தடிமன், 158 கிராம் எடை; அவ்வளவு பருமனிலும் பேட்டரி 1150 எம்ஏஎச்தான். மைல்ஸ்டோன் 13.7 மி.மீ., 1400 எம்ஏஎச். என்900 18 மி.மீ., 181 கிராம், பேட்டரி 1320. விசைப்பலகை தின்றது பேட்டரியின் இடத்தை. காலையில் சட்டைப்பையில் போட்டால் பை தொங்கும், சாயங்காலம் பார்த்தால் சார்ஜ் இருக்காது. இரண்டு குறையும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

பிறகு 2015இல் பிளாக்பெர்ரி பிரிவ் என்று ஒன்று செய்தார்கள். 9.4 மி.மீ. தடிமன், 3410 எம்ஏஎச் பேட்டரி, 5.4 அங்குலத் திரை, அதற்குக் கீழே இழுத்தால் விசைப்பலகை. முடியும் என்று காட்டிவிட்டார்கள். ஆனால் அதற்குள் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே, இனிப் போன்களைத் தாங்களே வடிவமைத்துத் தயாரிக்கப் போவதில்லை என்று அந்தக் கம்பெனி அறிவித்தது.

*

எழுதிய ஓர் எழுத்து எழுதப்பட்டுவிட்டது என்று விரலே சொல்ல வேண்டும். கண்ணாடியில் அதைக் கண்தான் சொல்கிறது. அதிர்வு வைத்திருக்கிறார்கள், ஆனால் எந்த எழுத்தைத் தொட்டாலும் ஒரே அதிர்வு. விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் கீழே மெல்லிய எஃகுக் குமிழ் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. அழுத்தினால் ஒரு கணம் தாங்கி, பிறகு உட்குழிந்து, கீழேயுள்ள தடத்தைத் தொடும். பயணம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தத் தாங்கலும் குழிவும்தான் நாம் உணரும் 'கிளிக்'. விசையின் விளிம்பு, இரண்டு விசைக்கு நடுவிலுள்ள பள்ளம், எஃப், ஜே மேல் சில மாடல்களில் இருக்கும் சிறு மேடு, இவற்றைக் கட்டைவிரல் இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுகிறது. அதற்கப்புறம் கண் வேண்டாம். பார்வை மங்கியவர்களுக்கு இது வசதி மட்டுமில்லை, தேவை.

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வேயை வைத்துத்தான் இதை நான் எடைபோடுகிறேன். விடியுமுன்னே லார்கினிலிருந்து பஸ் ஏறி, குடிநுழைவில் இறங்கி, சோதனை முடித்து, மறுபடி பஸ் ஏறி, ஒரு கிலோமீட்டர் சொச்சம் தண்ணீருக்கு மேலே போய், உட்லண்ட்ஸில் மறுபடி இறங்குவது. வரிசை நகராத நேரங்களில் நின்றபடி குறிப்பு எழுதுவேன். வரிசையில் ஸ்லைடர் அருமை: கண்ணை முன்னால் நிற்பவரின் முதுகில் வைத்துக்கொண்டே எழுதலாம். ஆனால் பஸ்ஸுக்குள் ஏறியதும் அதே ஸ்லைடர் உதவாது. இரண்டு கட்டைவிரலும் கேட்கிற கருவி அது. ஒரு கை மேலே கைப்பிடியில் தொங்கும்போது இன்னொரு கையால் திறக்கலாம், எழுத முடியாது. பக்கத்தில் நிற்கும் பையன் கண்ணாடித் திரையில் ஒற்றைக் கட்டைவிரலை இழுத்து இழுத்தே வாக்கியத்தை முடித்துவிடுகிறான். நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவர்களின் ஊரில் இது சின்னக் குறை இல்லை.

*

பழுது பார்க்கும் தம்பியின் மேசையில் ஒருமுறை ஸ்லைடர் ஒன்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மாடல் பெயர் எதற்கு, அந்த இனம் முழுக்க அப்படித்தான். திருகுகளைக் காந்தத் தட்டில் வரிசையாக வைத்தார். மேல்தட்டைக் கிளப்பியதும் நடுவே தேன் நிறத்தில் ஒரு படலம், நாடா மாதிரி, 'யு' வடிவில் மடிந்து கிடந்தது. அதன் மேல் முடியைவிட மெல்லிய செம்புக் கோடுகள். திரை மேல்தட்டில், மூளை கீழ்த்தட்டில். இரண்டுக்கும் இடையே ஓடுவது இந்த நாடா ஒன்றுதான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த 'யு' நகர்கிறது. மடியும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள், இருந்தாலும் செம்பு செம்புதான்.

"விசை எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. ஃப்ளெக்ஸ் போயிருச்சு, அதான் ஸ்கிரீன் வரல."

"மாத்த முடியுமா தம்பி?"

"முன்னாடி சாமான் வரும். இப்ப யாருண்ணே போடுறா? இதே போன் இன்னொன்னு செத்தது கிடைச்சா கழட்டிப் போடலாம். ஆனா அதுலயும் இதே ஃப்ளெக்ஸ்தான போயிருக்கும்?"

பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளினார். மடிப்பின் வெளிப்பக்கத்தில் நகத்தால் கீறியது போல் ஒரு வெண்கோடு. அவ்வளவுதான். விசைகள் அத்தனையும் உயிரோடு இருக்க, அவை எழுதுவது எங்கும் தெரியாமல் போய்விட்டது. இந்த ஈரக் காற்றில் உள்ளே போகும் வியர்வை, சட்டைப்பைப் பஞ்சு, ஐந்தடி நடைபாதைத் தள்ளுவண்டிக் கடையின் மாவு எல்லாம் தட்டு நகரும் தண்டவாளத்தில் சேர்வது வேறு. அசைகிற பாகம் எதுவுமே இல்லாத கண்ணாடிப் பலகைக்கு இந்த வியாதி கிடையாது. கீழே போட்டால் உடையும், அது வேறு கணக்கு.

*

இன்னொரு சாவு வெளியிலிருந்து வந்தது. மலேசியாவில் 2021 இறுதியில் 3ஜியை நிறுத்தினார்கள். 2009, 2010 காலத்து ஸ்லைடர்கள் பெரும்பாலும் 3ஜிவரைதான் அறிந்தவை. இந்தக் கரையில் அவை 2ஜிக்கு இறங்கி, பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டும் ஆகும். சிங்கப்பூரிலோ 2ஜி 2017 ஏப்ரலிலேயே போயிற்று. 2024இல் 3ஜியும் போனது. ஆகவே நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய ஸ்லைடர் ஜொகூர் பாருவில் போன். உட்லண்ட்ஸில் வெறும் கால்குலேட்டர். காஸ்வேயில் போகும்போது நமது சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, அந்தப் பக்கத்துக் கோபுரம் இதை ஏறெடுத்தும் பார்க்காது. மூடியைப் பெயர்த்துப் பேட்டரியை மாற்றலாம், நாடாவைக்கூட எங்காவது தேடிப் பிடிக்கலாம். கோபுரத்தை என்ன செய்வது?

வாட்ஸ்அப் 2017 நடுவில் நோக்கியாவின் சிம்பியன் போன்களைக் கைவிட்டது. குடும்பமே அங்கே இருக்கும்போது, அது இல்லாத போனைச் சிலர் கைக்கடிகாரம் மாதிரி வைத்திருக்கிறார்கள். நானும் அந்தச் சிலரில் ஒருவன். என்னிடம் இருப்பது ஒரு பழைய என்900; சிம் இல்லை. குறிப்பு எழுதுவதற்கென்றே வைத்திருக்கிறேன்.

*

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரரும் சொல்லக்கூடியது. தமிழில் எழுதுகிறவனுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது.

தமிழ் விசைப்பலகைக்கும் இந்தத் தீபகற்பத்துக்கும் பழைய உறவு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் எழுத்தர் வேலை பார்த்தவர் ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கான விசை அமைப்பை வகுத்தவர் அவர்தான். அவர் எதிர்கொண்ட சிக்கல் இன்றும் அதேதான்: 247 எழுத்து, கைக்கு எட்டும் விசைகளோ ஐம்பதைத் தாண்டாது. அதற்கு அவர் கண்ட வழிகளில் ஒன்று நகரா விசை. அதை அழுத்தினால் புள்ளி விழும், காகிதம் நகராது. அடுத்து 'ம' அடித்தால் அதே இடத்தில் விழுந்து 'ம்' ஆகும். எழுத்தைக் கூறாக்கி, கூறுகளை ஒரே இடத்தில் சேர்ப்பது. அந்த எந்திரங்கள் ஜெர்மனியில் செய்யப்பட்டன. வார்ப்பிலேயே தமிழ் இருந்தது.

கணினிக்கு வந்தபோது, 1999இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஒரு பொது விசைப்பலகையை ஏற்றது. அதுதான் தமிழ்99. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'ந' அடுத்து 'த' வந்தாலும் அப்படியே. 'வந்துகொண்டிருக்கிறேன்' பதினெட்டுத் தட்டில் முடிந்துவிடும். அதையே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் இருபதை எட்டும், நடுவில் ஷிஃப்டும் அழுத்த வேண்டும். தமிழ் இலக்கணம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்தது என்பது விரலிலேயே தெரியும்.

இப்போது ஸ்லைடரைத் திறந்து தமிழ்99ஐ அதன்மேல் பொருத்திப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, புள்ளி 1. மொத்தம் 31 விசை. ஆங்கில எழுத்து 26. மிச்சம் ஐந்தும் மேசைக்கணினியில் வலது ஓரத்துக் குறியீட்டு விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன: இரண்டு சதுர அடைப்பு, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு. கட்டைவிரல் விசைப்பலகை செய்கிறவர்கள் இடம் போதாமல் முதலில் தூக்கியெறிவது இந்த ஓரத்தைத்தான். ஆங்கிலத்துக்கு அதனால் நட்டமில்லை. மலாய்க்கும் இல்லை, ரூமி எழுத்து இருபத்தாறுக்குள் அடங்கிவிடுகிறது. என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பர் அதே விசைகளில் பின்யின் அடித்துத் திரையில் வரும் எழுத்துகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார், அவருக்கும் குறையில்லை. தமிழுக்கு அந்த ஓரத்தோடு போவது ச, ஞ, ந, ய, ழ. 'நான்' கிடையாது. 'செய்' கிடையாது. 'தமிழ்' என்று எழுதக் கடைசியெழுத்துக்கு விசையில்லை.

நான் பார்த்த எந்த ஸ்லைடரிலும் விசைமேல் தமிழ் அச்சிட்டிருந்ததில்லை. முத்தையா காலத்தில் விற்பனைக்குச் செய்தவர்கள் வார்ப்பில் போட்டுக் கொடுத்தது, எண்பது ஆண்டு கழித்துச் செய்தவர்களுக்குத் தோன்றவேயில்லை.

*

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகம் செய்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் விசைப்பலகைப் போன்களைப் பார்த்து வைத்த குற்றச்சாட்டு இதுதான்: தேவையோ இல்லையோ, விசைகள் அங்கேயே பிளாஸ்டிக்கில் கிடக்கின்றன, ஒவ்வொரு செயலிக்கும் வேறு வேறு பொத்தான் வேண்டும், விற்ற பிறகு ஒரு பொத்தானைக்கூடச் சேர்க்க முடியாது. அவர் மனதில் தமிழ் இருந்திருக்காது. ஆனால் அந்த வாதம் மற்ற யாரைவிடவும் நமக்குத்தான் பொருந்தியது. கண்ணாடியில் எந்த எழுத்தும் அச்சாகவில்லை. அதனால் முப்பத்தொரு கட்டம் வரைந்துகொள்ளத் தடையுமில்லை.

தடையில்லை என்பதால் உடனே நடந்துவிடவில்லை. ஆப்பிள் தன் போனிலேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தது 2013இல், ஏழாம் பதிப்போடு. தொடக்ககால ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துருவே இல்லை, வந்த செய்தியெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். இடைவெளியை நிரப்பியது ஒரு மலேசியர். எண்பதுகளிலேயே கணினியில் முரசு அஞ்சல் செய்த முத்து நெடுமாறன் கைப்பேசிக்குச் செல்லினத்தைக் கொண்டுவந்தார். 2005 பொங்கலன்று சிங்கப்பூரில், ஒலி 96.8 வானொலியின் ஆதரவோடு அது வெளியானது. அப்போது பெரும்பாலானவர்களிடம் இருந்தது எண் விசை போன்கள்; பன்னிரண்டு பொத்தானில் தமிழைப் பிழிந்தெடுத்தார்கள். பிறகு 2009இல் ஐபோனுக்கு, அதன்பின் ஆண்ட்ராய்டுக்கு.

அந்தக் குறுஞ்செய்திக் காலத்து நெருக்கடி இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து. யுனிகோடில் போனால் 70. அந்த எழுபதும் நாம் எண்ணுகிற எழுத்தில்லை. 'கு' என்றால் க ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'ம்' இரண்டு. 'வந்துகொண்டிருக்கிறேன்' 21 இடம் பிடிக்கும். அப்படி மூன்று சொல் எழுதினால் செய்தி முடிந்தது. ஆகவே மக்கள் ஆங்கில எழுத்தில் 'vanthukitte iruken' என்றுதான் தட்டினார்கள். ஆங்கில எழுத்தில் அதற்குப் பதினேழு, பதினெட்டு இடம் போதும். கைக்காசு மிச்சம். ஸ்லைடரின் முழு விசைப்பலகை இந்தப் பழக்கத்துக்கு மெத்தை விரித்துக் கொடுத்தது. அவ்வளவு சுகமாக ஆங்கில எழுத்தை அடிக்க முடிந்தால் தமிழ் எழுத்தைத் தேடிப் போகிறவர் யார்? ஸ்லைடர்மேல் எனக்குள்ள பிரியத்தை வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்: தமிழ் எழுத்து இங்கே பரவியது கண்ணாடியால். குழுச் செய்திகளில் பாட்டிமார் தமிழ் எழுத்தில் காலை வணக்கம் போடுவது ஸ்லைடரில் நடந்திராது.

*

ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணாடி இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறது. அம்புக்குறி விசை.

தமிழில் திருத்துவது நுணுக்கமான வேலை. 'போனான்' என்று எழுதிவிட்டோம், 'போனாள்' என்றிருக்க வேண்டும். கடைசியில் இரண்டு முறை அழித்தால் 'ன்' போகும். முதல் அழிப்பில் புள்ளி, இரண்டாவதில் ன. 'போ' என்பதில் ஒருமுறை அழித்தால் 'ப' மிஞ்சும். மெய் நிற்க, உயிர் மட்டும் உரிந்து வருகிறது. குறிலை நெடிலாக்க ஒரே ஓர் அழிப்பு, ஒரே ஒரு தட்டு. எழுத்தைக் கூறு கூறாகக் கையாள்கிற இந்த வசதி எனக்கு எப்போதும் சந்தோஷம் தருவது. பள்ளியில் சொன்ன உயிர்மெய்ப் பிரிப்பு விரல் நுனியில் நடக்கிறது.

ஆனால் திருத்த வேண்டிய எழுத்து வாக்கியத்தின் நடுவில் இருந்தால், கண்ணாடியில் அங்கே போய்ச் சேர்வதே பாடு. விரல் தடிமன், கால் வாங்கிய எழுத்துகளின் நெருக்கம். சுட்டி 'கொ'வுக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பதை விரலே மறைத்துவிடும். அழுத்திப் பிடித்தால் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள், இடைவெளி விசைமேல் விரலை நகர்த்தச் சொல்கிறார்கள். என்900இன் வலது மூலையில் நான்கு அம்பு இருக்கிறது. ஒரு தட்டு, ஓர் எழுத்து. எழுதுவதைவிடத் திருத்துவதில் அதிக நேரம் செலவிடுகிறவனுக்கு அந்த நான்கு விசைக்காகவே பதினெட்டு மில்லிமீட்டரைச் சுமக்கலாம்.

*

அந்தப் போனுக்குள் இருப்பது லினக்ஸ். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதியிருக்கிறது, திறந்து மாற்றலாம். ஆகவே தாளில் போட்டுப் பார்த்தேன். காணாமல்போன ஐந்தை எங்கே வைப்பது?

காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் தனித்தனி விசை இருக்கிறது. அவற்றை ச-வுக்கும் ய-வுக்கும் கொடுத்துவிடலாம். புள்ளிகள் எஃப்என் (Fn) என்ற துணை விசையோடு போகட்டும். ஐந்தில் இரண்டு தீர்ந்தது.

அடுத்தது ஞ. இங்கே இலக்கணமே கைகொடுக்கிறது. ங் வந்தால் அடுத்து க வரும், பேச்சுவழக்குக்கு அவ்வளவுதான். 'இங்ஙனம்' எழுதுகிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். மற்ற இடமெல்லாம் ஞ-வுடையது: ஞாயிறு, மஞ்சள், கவிஞர். ஆகவே ஒரே விசை போதும். அடுத்து க வந்தால் ங், இல்லையென்றால் ஞ என்று சின்ன நிரல் ஒன்று முடிவு செய்யலாம். மூன்று தீர்ந்தது.

ந-வும் ன-வும் அப்படியே தோன்றியது. சொல்லின் முதலில் ன வராது. த-வுக்கு முன் வருவது ந்தான். ஒரே விசை, நிரல் பார்த்துக்கொள்ளும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் ஏற்கெனவே செய்வதுதான் இது. தாளில் டிக் போட்ட பிறகு 'தமிழ்நாடு' நினைவுக்கு வந்தது. சொல்லின் நடுவில் ந. 'பெருநாள்', 'திருநாள்', 'பொதுநலம்', 'முந்நூறு'. கூட்டுச்சொல் வந்தால் விதி படுத்துவிடுகிறது. அந்த இடங்களில் மட்டும் எஃப்என் அழுத்த வேண்டும்.

ழ-வுக்கு எந்த விதியும் இல்லை. ல, ள, ழ மூன்றும் ஒரே இடத்தில் வரக்கூடியவை, வந்தால் பொருள் மாறக்கூடியவை. ல-வின் விசையோடு எஃப்என் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். வாழைப்பழத்துக்கு இரண்டு முறை.

ஆகவே என் விசைப்பலகையில் அதிகச் சிரமம் தரும் வாக்கியம், இங்கே அதிகம் அனுப்பப்படும் வாக்கியமாக ஆகிவிட்டது: பொங்கல் திருநாள் வாழ்த்துகள். ந-வுக்கு ஓர் எஃப்என், ழ-வுக்கு ஓர் எஃப்என். தீபாவளிக்கும் அப்படித்தான், நோன்புப் பெருநாளுக்கும் அப்படித்தான்.

தாளை அண்ணன் மகனிடம் காட்டினேன். ஸ்கூடாயில் கணினி படிக்கிறவன். தே தாரேக்கைத் தள்ளி வைத்துவிட்டு முழுக்கப் படித்தான்.

"நல்லாருக்கு சித்தப்பா. ஆனா எதுக்கு இவ்வளவு? வாயால சொன்னா அதுவே எழுதிடுமே" என்று தன் போனை எடுத்து வாயருகே வைத்து, "பொங்கல் திருநாள் வாள்த்துகள்" என்றான்.

போன் 'வாழ்த்துகள்' என்று சரியாகவே எழுதியது.